அறைக்கு அன்று, நாளுக்கே வாடகை!

யாத்திரை செல்லும் மூத்த அன்பர்கள் அறிந்திருக்க வேண்டிய சில கணக்குகள்

யாத்திரைக்கான செலவுக் கணக்கை எழுத உட்கார்ந்தால், ஏறத்தாழ எல்லா வரிகளையும் முன்கூட்டியே நிரப்பிவிடலாம். ரயில் கட்டணம் தெரியும். அர்ச்சனை, அபிஷேகக் கட்டணங்கள் கோயிலின் அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டிருக்கும். சாப்பாட்டுச் செலவையும் ஆட்டோ செலவையும் ஓரளவு ஊகித்துவிடலாம். நிரப்ப முடியாமல் நிற்கும் வரி ஒன்றே ஒன்று. அது தங்கும் அறையின் வாடகை.

ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு 1,200 ரூபாய் என்று சொல்லப்பட்ட அறை, பௌர்ணமி நாளுக்குக் கேட்டால் 3,500 ரூபாய் என்கிறார்கள். அதே கட்டில், அதே மின்விசிறி, அதே குளியலறை. காலையில் பேரன் கைப்பேசியில் பார்த்துச் சொன்ன தொகை, மாலையில் பணம் செலுத்தப் போகும்போது மாறியிருக்கிறது. "இது என்ன நியாயம்?" என்று மனம் நோகிறது. ஓய்வூதியத்திலும் வைப்புத்தொகை வட்டியிலும் வாழ்க்கை நடத்துகிற மூத்தவர்களுக்கு இந்த மாற்றம் வெறும் எரிச்சலோடு நின்றுவிடுவதில்லை. "இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று யாத்திரையே தள்ளிப்போய்விடுகிறது. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு அடுத்த ஆண்டு முழங்கால் ஒத்துழைக்குமா என்பது யாருக்குத் தெரியும்?

வங்கிப் பணியில் இருந்த காலத்தில், வட்டி விகிதம் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று வாடிக்கையாளர்களுக்கு விளக்குவது என் அன்றாட வேலை. அறை வாடகையையும் அதே கண்ணோடு பார்த்தால் அதில் பெரும்பகுதி புரிந்துவிடும். புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை ஒன்றுதான்: இன்று வாடகை அறைக்கு விதிக்கப்படுவதில்லை, நாளுக்கு விதிக்கப்படுகிறது. இதை மனத்தில் கொண்டால், எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே பிடித்து நிற்பது என்பது தெளிவாகும்.

சத்திரங்கள் இருந்த காலம்

யாத்ரிகன் தங்குமிடத்துக்கு விலை பேச வேண்டும் என்பதே நம் மரபில் நெடுங்காலம் இல்லாத ஒன்று. மதுரை ரயில் நிலையத்தின் எதிரே இன்றும் நிற்கும் ராணி மங்கம்மாள் சத்திரமும், தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் ஒரத்தநாட்டில் எழுந்த முக்தாம்பாள் சத்திரமும் வழிப்போக்கருக்கு இடமும் அன்னமும் அளித்தன. ராமேஸ்வரம் நோக்கி நடந்தவர்கள் சத்திரத்துக்குச் சத்திரம் தங்கி இளைப்பாறிச் சென்றார்கள். நகரத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே காசியில் சத்திரம் அமைத்தனர். தமிழ்நாட்டிலிருந்து செல்லும் அன்பர்களுக்கு அது இன்றும் பயன்படுகிறது.

இவற்றையெல்லாம் நடத்தியது யாத்ரிகனின் பணம் அன்று. அறம் செய்தவர் எழுதிவைத்த நிலத்தின் விளைச்சலும் மூலதனத்தின் வருவாயும் அச்செலவைத் தாங்கின. அதனால் அங்கே அமாவாசைக்கு ஒரு தொகை, சாதாரண நாளுக்கு ஒரு தொகை என்ற பேச்சே எழவில்லை.

பின்னர் ரயில் வந்தது, பேருந்து வந்தது. கூட்டம் பெருகியது, சத்திரங்கள் போதவில்லை. கோயில் வாசலைச் சுற்றி லாட்ஜுகள் தோன்றின. அவற்றிலும் நீண்ட காலம், வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒற்றைப் படுக்கை இவ்வளவு, இரட்டைப் படுக்கை இவ்வளவு என்று ஒரு பலகை தொங்கியது. திருவிழாவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள்; அவ்வளவே. அந்தப் பலகையின் இடத்தைத்தான் இன்று நாளுக்கு நாள், சில இடங்களில் மணிக்கு மணி மாறும் விலை பிடித்திருக்கிறது.

விலை ஏன் ஏறி இறங்குகிறது?

அரிசி வியாபாரியிடம் இன்று விற்காத மூட்டை நாளைக்கும் இருக்கும். விடுதிக்காரரிடம் இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளை விற்க முடியாது. அந்த இரவு போனது போனதுதான். ஆகவே கூட்டம் இல்லாத நாளில் குறைந்த தொகைக்காவது அறையைக் கொடுத்துவிட நினைப்பார். கூட்டம் நெருக்கும் நாளில், இருபது அறைக்கு நூறு பேர் நிற்கும்போது, கூடுதல் தொகை தரக்கூடியவருக்கே கொடுப்பார்.

இந்தச் சிந்தனையைக் கணக்கியலாக வளர்த்தவை அமெரிக்க விமான நிறுவனங்கள். 1978இல் அந்நாட்டில் விமானக் கட்டணத்தின் மீதான அரசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1980களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், ஒரே விமானத்தின் இருக்கைகளை முன்பதிவின் வேகத்துக்கேற்ப வெவ்வேறு விலைக்கு விற்கும் முறையைச் செம்மைப்படுத்தியது. மேரியட் போன்ற விடுதிக் குழுமங்கள் அதைப் பின்பற்றின. நம் நாட்டில் இது எல்லோருக்கும் அறிமுகமானது ரயில் வழியாகத்தான். 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில், ஒவ்வொரு 10 சதவீத இருக்கை நிரம்பும்போதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும் முறை, ஓர் உச்சவரம்புடன் கொண்டுவரப்பட்டது.

பெரிய விடுதிகளில் இவ்வேலையைக் கணினி செய்கிறது. எத்தனை அறை மீதம், இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, சென்ற ஆண்டு இதே நாளில் எவ்வளவு கூட்டம், பக்கத்து விடுதி என்ன விலை சொல்கிறது என்பவற்றைப் பார்த்து அது தொகையை மாற்றுகிறது. தலங்களில் உள்ள சிறு லாட்ஜுகளில் அதே வேலையை உரிமையாளர் தம் மனக்கணக்கில் செய்கிறார். அவர் கையில் இருக்கும் கருவி, நம் வீட்டிலும் இருப்பதுதான்: பஞ்சாங்கம்.

பஞ்சாங்கமே விலைப்பட்டியல்

மூத்த அன்பர்களுக்கு உள்ள பெரிய வசதி இது. விலை எந்த நாளில் ஏறும் என்பதை வேறு யாரையும்விட நாம் முன்னரே அறிவோம். திருவண்ணாமலையில் மாதந்தோறும் பௌர்ணமி கிரிவலம்; ஆண்டின் உச்சமாகக் கார்த்திகை தீபம். ராமேஸ்வரத்தில் ஆடி, தை, மகாளய அமாவாசைகள். திருச்செந்தூரில் கந்தசஷ்டி. பழநியில் தைப்பூசமும் பங்குனி உத்திரமும். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி. மதுரையில் சித்திரைத் திருவிழா. காசியில் மகாசிவராத்திரியும், தீபாவளிக்குப் பதினைந்து நாள் கழித்துக் கார்த்திகைப் பௌர்ணமியன்று படித்துறைகளெங்கும் விளக்கேற்றும் தேவ தீபாவளியும்.

இவற்றோடு தொடர் விடுமுறைகளையும் பள்ளி விடுமுறையையும் முகூர்த்த நாள்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமையோ திங்கட்கிழமையோ அரசு விடுமுறையாக அமைந்தால், அந்த மூன்று நாளும் கோயில் ஊர்களில் சாதாரண வாடகைக்கு அறை கிடைப்பது அரிது.

எப்போதாவது வரும் பெருநிகழ்வுகளும் உண்டு. 2019இல் காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் 48 நாள் காட்சியளித்தபோது, சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னையில் தங்கி, ஒரே நாளில் சென்று திரும்பியவர்கள் ஏராளம். 2025 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை பிரயாக்ராஜில் மகா கும்பமேளா நடந்தபோது, நீராடியவர்கள் அப்படியே காசிக்கும் அயோத்திக்கும் சென்றதால் அவ்வூர்களிலும் இடநெருக்கடி ஏற்பட்டது. அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. கும்பகோணத்துக்கு அவ்வாண்டு செல்ல எண்ணுவோர் இதை இப்போதே குறித்துக்கொள்வது நல்லது.

நாளுக்காகவா, தலத்துக்காகவா?

முன்பதிவு செய்வதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது. யாத்திரைகள் இருவகை. முதல் வகையில் நாள் மாறக் கூடாது. பெற்றோருக்குத் தை அமாவாசையன்று அக்னி தீர்த்தக் கரையில் தர்ப்பணம் செய்ய வேண்டும் என்றால், அது அன்றுதான். தீபத்தன்று அண்ணாமலையில் இருப்பதாக வேண்டிக்கொண்டால், அதுவும் அன்றுதான். இரண்டாம் வகையில் தலமே முக்கியம். "ஒருமுறை ராமேஸ்வரம் போய் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வர வேண்டும்" என்றால், அது கூட்டமில்லாத ஒரு புதன்கிழமையிலும் நிறைவாக நடக்கும். சந்நிதியில் நிற்கும் நேரமும் அன்று கூடுதலாகக் கிடைக்கும்.

இந்த இரண்டாம் வகைக்கு நமக்குள்ள செல்வம் நேரம். அலுவலகம் செல்லும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வாய்க்கும். நமக்குச் செவ்வாயும் ஞாயிறுதான். ஆகவே, "இந்தத் தேதிக்கு என்ன வாடகை?" என்று கேட்காமல், "இந்த மாதத்தில் எந்த நாள்களில் வாடகை குறைவு?" என்று கேட்க வேண்டும். தேதியை மூன்று நாள் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அமாவாசைக்கு மறுநாள் மாலை, பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து, திருவிழாக் கொடியிறக்கத்துக்கு அடுத்த வாரம் ஆகியவை பொதுவாக வாடகை இறங்கும் காலங்கள்.

பிள்ளைகள் உடன் வந்தால்தான் செல்ல முடியும் என்ற நிலையில் உள்ளவர்கள், அவர்களிடம் விடுப்பு கேட்கும்போது இந்தக் கணக்கையும் எடுத்துச் சொல்லலாம். ஒரு நாள் விடுப்பு எடுத்து வாரநாளில் சென்றால், இரண்டு அறை வாடகையில் மிச்சமாவது எவ்வளவு என்று காகிதத்தில் எழுதிக் காட்டினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

நாள் மாறாத யாத்திரைக்கு

நாள் உறுதி என்றால், அறையையும் அந்த அளவுக்கு முன்னதாக உறுதி செய்ய வேண்டும். இதற்குத் திருக்கடையூரை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அறுபது நிறைந்தவர்களும், எழுபதில் பீமரத சாந்தியும், ஆயிரம் பிறை கண்டு சதாபிஷேகமும் செய்துகொள்பவர்களும் அங்கே வருகிறார்கள். நட்சத்திரம் பார்த்துக் குறித்த நாள் ஆதலால் அதை நகர்த்த இயலாது. உற்றார் உறவினரோடு செல்வதால் பத்து அறையாவது வேண்டும். அதே நாளில் வேறு பல குடும்பங்களும் வந்திருக்கும். ஊரோ சிறியது.

இத்தகைய நிகழ்ச்சிக்கு நாள் குறித்த அன்றே அறையையும் பேசிவிட வேண்டும். பேசுவதோடு நிறுத்தாமல், தேதி, அறைகளின் எண்ணிக்கை, ஓர் அறைக்கான வாடகை, வரி உட்படவா தனியா, கொடுத்த முன்பணம், கூடுதல் படுக்கைக்கான தொகை ஆகிய ஆறும் எழுத்தில் வர வேண்டும். கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தியாக வந்தாலும் போதும். "வாங்க, பார்த்துக்கலாம்" என்ற வாய்ச்சொல் பத்து மாதம் கழித்து நிற்காது. அப்போது வரவேற்பு மேசையில் வேறொருவர்கூட இருக்கலாம். உறவினர் சிலரை மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ தங்கவைத்து, ஹோமத்துக்கு வரவேண்டிய நெருங்கியவர்களை மட்டும் திருக்கடையூரில் தங்கவைப்பது செலவையும் குறைக்கும், நெருக்கடியையும் குறைக்கும்.

பக்கத்து ஊரில் தங்கும் இந்த உத்தி வேறு தலங்களுக்கும் பொருந்தும். ராமேஸ்வரத்துக்கு ராமநாதபுரம், திருச்செந்தூருக்குத் தூத்துக்குடி, பழநிக்குத் திண்டுக்கல் அல்லது உடுமலை. ஆனால் கார் வாடகையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் பயணம் செய்ய உடல் இடம் கொடுக்காதவர்கள், இந்த மிச்சத்தை நாடாமல் இருப்பதே நல்லது.

ரத்து செய்யும் உரிமைக்கு ஒரு விலை

இணையத்தில் ஒரே அறைக்கு இரண்டு விலை காட்டுவார்கள். ஒன்று, ரத்து செய்தால் பணம் திரும்பும். மற்றொன்று விலை குறைவு. ஆனால் ரத்து செய்தால் ஒரு காசும் வராது. எது நல்லது?

எடுத்துக்காட்டாக, முதலாவது 2,400 ரூபாய், இரண்டாவது 2,000 ரூபாய் என்று கொள்வோம். ஆறு யாத்திரைக்கு முன்பதிவு செய்கிறோம். அவற்றில் ஒன்று நின்றுபோகிறது. மலிவான முறையில் ஆறுக்கும் பணம் போனது: 12,000 ரூபாய். மற்ற முறையில் சென்ற ஐந்துக்கு மட்டும் பணம்: அதுவும் 12,000 ரூபாய். ஆக, ஆறில் ஒன்றுக்கு மேல் நின்றுபோக வாய்ப்பு உண்டென்றால், விலை கூடிய முறையே உண்மையில் மலிவு. ரத்த அழுத்தம், திடீர்க் காய்ச்சல், உறவில் ஒரு தீட்டு, மருத்துவர் குறித்த பரிசோதனை நாள் என்று நம் வயதில் பயணம் நிற்கக் காரணங்கள் பல. மூத்தவர்கள் ரத்து செய்யக்கூடிய முறையையே தேர்ந்தெடுப்பது பொதுவாக அறிவுடைமை. வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் எடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டுத்தானே பணத்தைப் போடுகிறோம்?

இந்த உரிமைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒருமுறை பதிவு செய்துவிட்டால், வாரம் ஒருமுறை அதே தேதிக்கு விலையைப் பார்க்கலாம். இறங்கியிருந்தால் புதிய விலைக்குப் பதிவு செய்து, அது உறுதியான பின் பழையதை ரத்து செய்யலாம். ஏறியிருந்தால், நம் பழைய விலை நமக்குப் பாதுகாப்பு. இந்த வரிசை முக்கியம்: புதியது கைக்கு வந்த பிறகே பழையதை விட வேண்டும். கட்டணமின்றி ரத்து செய்யக் கடைசித் தேதியும் நேரமும் எவை என்பதை நாள்காட்டியில் குறித்து வைப்பது அவசியம்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்னர்தான் திறக்கிறது. முன்பு அது 120 நாள். நாள் மாறாத யாத்திரைக்கு ரயில் சீட்டு கிடைக்கும் வரை காத்திருந்தால் அறை போய்விடும். அதனால் ரத்து செய்யக்கூடிய அறையை முதலில் எடுத்துக்கொண்டு, 60 நாள் முன்னர் சீட்டை எடுப்பதே பொருத்தமான வரிசை.

காட்டும் விலையும் கட்டும் விலையும்

முதல் பக்கத்தில் 1,499 என்று தெரிந்தது, பணம் செலுத்தும் பக்கத்தில் 1,800ஐத் தாண்டி நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். வரி, சேவைக் கட்டணம், நாம் கேட்காமலே சேர்ந்த காப்பீடு என ஒவ்வொன்றாகக் கூடியிருக்கும். கடைசிப் பக்கத்துத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்; முதல் பக்கத்துத் தொகையை அன்று.

வரியைப் பொறுத்தவரை ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. அதற்கு மேற்பட்ட வாடகைக்கு 18 சதவீதம். ரசீதில் பழைய விகிதம் இருந்தால் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் இத்தகைய உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் நெறிமுறைகள் வெளியிட்டுத் தடை செய்திருக்கிறது. விலையைத் துளித்துளியாகக் கூட்டுவது, கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, "இன்னும் ஒரே அறைதான்!" என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஆகியவை அதில் அடங்கும். புகார் செய்ய 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அவசரப்படுத்தும் எழுத்துகள் திரையில் மின்னும்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, அந்த விடுதிக்கே தொலைபேசியில் பேசிப் பாருங்கள். இடைத்தளங்களுக்கு விடுதி தரகு கொடுக்கிறது. நேரடியாகக் கேட்பவருக்கு அதில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ள பல உரிமையாளர்கள் முன்வருவார்கள். தரைத்தள அறை, மேல்நாட்டுக் கழிப்பறை, வெந்நீர் வரும் நேரம் ஆகியவற்றையும் அப்போதே கேட்டுவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கேட்க வேண்டியது, நாளை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது. சில விடுதிகளில் நாம் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். வேறு சிலவற்றில் பகல் 12 மணிக்கு ஒரு நாள் முடிகிறது. அதிகாலை 5 மணிக்கு ராமேஸ்வரம் வந்து, தர்ப்பணமும் தீர்த்தமாடலும் தரிசனமும் முடித்து, மாலை வண்டியில் திரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறையில் ஒரு நாள் வாடகை. இரண்டாம் முறையில் இரண்டு நாள் வாடகை கேட்கலாம். வாடகை 1,500 என்ற விடுதி 2,000 என்ற விடுதியைவிட விலை கூடியதாக முடிவது இப்படித்தான். சில மணி நேரம் குளித்து இளைப்பாற மட்டும் இடம் வேண்டுமென்றால், பெரிய ரயில் நிலையங்களின் ஓய்வறைகளை, உறுதியான பயணச்சீட்டு உள்ளவர்கள் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

விலை மாறாத அறைகள் இன்றும் உண்டு

சத்திர மரபு முழுவதும் மறைந்துவிடவில்லை. திருமலையில் திருப்பதி தேவஸ்தானம் 50 ரூபாய்க்கும் 100 ரூபாய்க்கும் அறை தருகிறது. பிரம்மோற்சவம் நெருங்குகிறது என்பதற்காக அந்தத் தொகை நாளுக்கு நாள் ஏறுவதில்லை. அங்கே நாம் கொடுக்க வேண்டிய விலை முன்யோசனைதான். மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட நாளில், ஏறத்தாழ மூன்று மாதத்துக்குப் பின்வரும் மாதத்துக்கான அறைகளை இணையத்தில் திறக்கிறார்கள், விரைவில் தீர்ந்துவிடுகின்றன. அந்தத் தேதியை அறிந்து, வீட்டு இளைஞர் ஒருவரை அந்நேரத்தில் உட்காரவைப்பது பலன் தரும்.

தமிழகத்தில் பழநி, திருச்செந்தூர், ராமேஸ்வரம் போன்ற பெருங்கோயில்களுக்குச் சொந்தத் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. இந்து சமய அறநிலையத்துறையின் தளம் வழியாகவும் கோயில் அலுவலகம் வழியாகவும் விசாரிக்கலாம். காசியில் நகரத்தார் சத்திரமும், அனுமன் கட்டம், கேதார கட்டப் பகுதியில் உள்ள தமிழ் மடங்களும் நமக்குப் பழகிய உணவும் மொழியும் தருபவை. இத்தகைய சமய அறநிலையங்கள் தம் தல வளாகத்தில் நாளொன்றுக்கு 1,000 ரூபாய்க்குக் குறைந்த வாடகையில் தரும் அறைகளுக்கு ஜி.எஸ்.டி. விலக்கும் உண்டு. வசதிகள் எளிமையாக இருக்கும். மாடிப்படி ஏற வேண்டியிருக்கலாம். அதை முன்பே கேட்டறிந்து செல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோயில் விடுதிகளின் பெயரில் போலித் தளங்களும் போலித் தொலைபேசி எண்களும் உலவுகின்றன. கேதார்நாத் ஹெலிகாப்டர் சீட்டு, யாத்ரிகர் விடுதி ஆகியவற்றின் பெயரில் நடக்கும் இம்மோசடி குறித்து மத்திய உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்றத் தடுப்பு மையம் 2025இல் மக்களை எச்சரித்தது. தேடலில் முதலில் வரும் எண்ணை நம்பி, தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம். அறைக்கு முன்பணம் பெறுபவர் உங்களிடம் ஓ.டி.பி. எண்ணைக் கேட்கவே தேவையில்லை. பணம் போய்விட்டது என்று உணர்ந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு கூடும்.

கைப்பேசி இல்லாதவர்க்கு

இந்த மாறும் விலை முறையில் மிகுதியாகப் பணம் கொடுப்பவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது. வசதி படைத்தவர் பல மாதம் முன்பே பதிவு செய்து குறைந்த விலையில் தங்குகிறார். கைப்பேசியில் பார்க்கத் தெரியாத கிராமத்து முதியவர், அமாவாசை விடியலில் பேருந்திலிருந்து இறங்கி, கிடைத்த அறைக்குக் கேட்ட பணத்தைக் கொடுக்கிறார். அல்லது மண்டபத்துத் தரையில் படுக்கிறார். இதைத் தெரிந்தவர்கள் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தெருவில், பஜனைக் குழுவில், கோயில் பிராகாரத்தில் அறிமுகமான மூத்தவர் ஒருவர் யாத்திரை செல்ல எண்ணினால், நமக்குப் பதிவு செய்யும்போது அவருக்கும் சேர்த்துச் செய்து கொடுக்கலாம். நாலைந்து பேராகச் சேர்ந்து கேட்டால் வாடகையும் குறையும், வழித்துணையும் அமையும். இயன்றவர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, யாத்ரிகருக்கு இடம் அளிக்கும் சத்திரத்துக்கோ தேவஸ்தானத்துக்கோ ஒரு நாள் கட்டளை எழுதிவைக்கலாம். நாம் படுத்துறங்கிய திண்ணையும் யாரோ ஒருவர் எழுதிவைத்ததுதானே.

தொலைபேசியில் விடுதியிடம் கேட்க வேண்டியவை

• வரி உட்பட மொத்தத் தொகை எவ்வளவு?
• 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? அதிகாலையில் வந்தால் கூடுதல் தொகை உண்டா?
• ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்? எந்தத் தேதி வரை?
• நான் குறித்த தேதியைவிட வாடகை குறைந்த நாள் அருகில் இருக்கிறதா?
• தரைத்தளமா? இல்லையெனில் மின்தூக்கி உண்டா?
• கோயில் வாசலுக்கு எவ்வளவு தூரம்? திருவிழா நாளில் ஆட்டோ அதுவரை வருமா?
• பேசியதை எழுத்தில் அனுப்புவீர்களா?

இவ்வேழுக்கும் விடை கிடைத்த பிறகு முன்பணம் செலுத்துங்கள். செலுத்தியபின் விலை ஏறியதா, இறங்கியதா என்று ரத்துத் தேதி வரை மட்டும் பாருங்கள். அதன்பின் அந்தக் கணக்கை மூடிவிட்டு, பூஜைப் பொருள்களின் பட்டியலை எழுதத் தொடங்கலாம்.